ஊரருகே எழும் அலுவலகம்
தென்காசி, குற்றாலப் பகுதியை முன்வைத்து ஒரு பழைய வழக்கின் பரிசீலனை

ஓர் ஊரின் எல்லையில், நேற்றுவரை நெல்லோ தென்னையோ நின்ற நிலத்தில், பல நூறு பேர் அமர்ந்து உத்தியோகம் பார்க்கும்படியான பெரிய அலுவலக வளாகம் ஒன்று எழப்போகிறது என்ற செய்தி பரவிய அன்றே அவ்வூர் மக்கள் தம்முள் பிரிந்து வாதிடத் தொடங்குகின்றனர். பிள்ளைகளுக்கு வேலை வரும் என்பாரும், இருக்கிற நிம்மதியும் போய்விடும் என்பாரும், குளத்துக்கு வரும் தண்ணீர் நின்றுபோகும் என்பாரும், நம்மைக் கேட்டுக்கொண்டா செய்யப்போகிறார்கள் என்று ஒதுங்கி நிற்பாரும் எனப் பல திறத்தார் எல்லா ஊர்களிலும் உளர். இவர்களில் யார் பக்கம் நியாயம் என்ற வினாவுக்கு நூறாண்டுகளுக்கு மேலாகப் பலர் பலவாறு விடை கூறி வந்திருக்கின்றனர். அவ்விடைகள் எங்கிருந்து பிறந்தவை, எவ்விடத்தில் வலுவுள்ளவை, எவ்விடத்தில் தளர்ந்தவை என்று வகுத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

தென்காசியையும் குற்றாலத்தையும் அவற்றைச் சூழ்ந்த இலஞ்சி, மேலகரம், ஆயிரப்பேரி, மத்தளம்பாறை முதலிய ஊர்களையும் கொண்ட மலையடிவாரப் பிரதேசம் இப்பரிசீலனைக்கு மிகவும் ஏற்றது. 2011-ஆம் ஆண்டில் ஜோஹோ என்னும் மென்பொருள் நிறுவனம், சென்னையிலிருந்து இவ்வளவு தொலைவு வந்து, மத்தளம்பாறையில் சிலரோடு ஒரு கிளையைத் தொடங்கியது. அது பின்னர் சில நூறு பேர் பணிபுரியும் வளாகமாக வளர்ந்தது. 2019 நவம்பர் 22-ஆம் நாள் திருநெல்வேலியிலிருந்து பிரிந்து தென்காசி தனி மாவட்டமாகியபோது, ஆட்சியர் அலுவலகமும் அதனைத் தொடர்ந்து வரவேண்டிய அத்தனை சர்க்கார் அலுவலகங்களும் எங்கே அமைவது என்ற கேள்வி எழுந்தது. ஊருக்கு ஊர் ஒரு நியாயம் சொல்லப்பட்டது. 2024 முதல் விழுப்புரம், தஞ்சாவூர், சேலம், தூத்துக்குடி ஆகிய இடங்களில் நியோ டைடல் என்னும் சிறு தகவல் தொழில்நுட்பப் பூங்காக்கள் திறக்கப்பட்ட பிறகு, அப்படி ஒன்று தம் ஊருக்கும் வேண்டும் என்ற ஆசை பிற மாவட்டங்களிலும் எழுவது இயல்பே. ஆகவே, அலுவலகம் வேண்டுமா வேண்டாமா என்ற கேள்வி இங்கே ஏட்டளவில் நிற்பதன்று.

பிழைப்பு என்னும் வாதம்

வரவேற்போரின் வாதம் எளியது. எளியதாயிருப்பதே அதன் பலம். நெல்லுக்கு விலையில்லை, ஒரு போகம் தப்பினால் கடன், கடையம், ஆலங்குளம் சுற்றுவட்டாரங்களில் வீட்டுத் திண்ணையில் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு பீடி சுற்றும் பெண்களின் ஜீவனம் விரல் நுனியின் வேகத்தைப் பொறுத்தது, படித்த பிள்ளைகள் சென்னைக்கும் பெங்களூருக்கும், படிக்காதவர்கள் கேரளத்துக்கும் வளைகுடா நாடுகளுக்கும் போகின்றனர். இந்நிலையில் வீட்டிலிருந்து பஸ்ஸில் போய்வரும் தூரத்தில் மாதச் சம்பளம் கிடைக்குமானால், அதனை வேண்டாம் என்று சொல்ல யாருக்கு உரிமை உண்டு என்று இவர்கள் கேட்கின்றனர். வயதான தாய் தகப்பனைத் தனியே விட்டுப் போகாமல் உடனிருந்து பார்த்துக்கொள்ள முடிகிறது என்பதையும் அவர்கள் சொல்வதுண்டு. எந்தக் கணக்கேட்டிலும் ஏறாத இந்த நன்மை உண்மையில் பெரியதே.

இவ்வாதத்துக்கு மத்தளம்பாறை கண்கூடான ஆதாரமாகக் காட்டப்படுகிறது. சிற்றூரில் இருந்துகொண்டே உலகச் சந்தைக்குப் பண்டம் செய்யமுடியும் என்பதற்கு அங்கே உருவான ஜோஹோ டெஸ்க் என்னும் மென்பொருளே சாட்சி. பள்ளிப் படிப்பை முடித்தவர்களைச் சேர்த்து, உதவித்தொகை கொடுத்துப் பயிற்றுவித்து, வேலையில் அமர்த்திக்கொள்ளும் முறையை அந்நிறுவனம் 2005-ஆம் ஆண்டளவில் தொடங்கிப் பின்னர்த் தென்காசிக்கும் கொண்டுவந்தது. பட்டம் இல்லாதவரும் உள்ளே நுழையலாம் என்ற இந்த ஏற்பாடு இல்லாதிருந்தால், அலுவலகம் ஊருக்கு அருகே இருந்தும் ஊருக்கு அந்நியமாகவே இருந்திருக்கும்.

ஆயினும் இவ்வாதத்தின் தளர்ச்சி அதன் முதல் சொல்லிலேயே இருக்கிறது. ‘வேலை வரும்’ என்பதில் யாருக்கு, எத்தகைய வேலை என்பது அடங்கவில்லை. கணினி முன் அமரும் வேலை ஒன்று. அவ்வளாகத்தின் வாசலில் காவல் நிற்பது, தோட்டம் பராமரிப்பது, சமையற்கட்டில் பாத்திரம் துலக்குவது ஆகிய வேலைகள் வேறு. பிந்தியவை இழிந்தவை என்பதன்று; அவற்றில் பெரும்பாலானவை ஒப்பந்தக்காரர் மூலமாக நடப்பவை, ஆதலால் நிலைத்தவை அல்ல என்பதே கவனிக்கத்தக்கது. வாடகை வீட்டில் குடியிருக்கும் கூலிக்காரருக்கு, சம்பளக்காரர் வந்து சேர்ந்தவுடன் வாடகை ஏறுவதே முதல் அனுபவமாக இருக்கலாம். நிலம் உடையவனுக்கும் இல்லாதவனுக்கும் ஒரே கட்டடம் ஒரே பலனைத் தருவதில்லை.

மேலும், இடம் ஒதுக்கிவிட்டால் வேலை தானே வரும் என்ற நம்பிக்கைக்கு இதே வட்டாரத்தில் ஓர் எதிர்ச்சான்று உண்டு. திருநெல்வேலிக்கு வடக்கே கங்கைகொண்டானில் தமிழக அரசின் எல்காட் நிறுவனம் சுமார் 500 ஏக்கரில் தகவல் தொழில்நுட்பப் பொருளாதார மண்டலம் அமைத்தது. சாலையும் கட்டடமும் வந்த பின்னரும், எதிர்பார்த்த அளவு நிறுவனங்கள் நெடுங்காலம் வரவில்லை. பரந்த நிலமும் சர்க்கார் ஆதரவும் இருந்த இடம் காத்துக் கிடக்க, மத்தளம்பாறையில் சிலரோடு தொடங்கியது வளர்ந்ததை நோக்குமிடத்து, பிழைப்புக்கு ஆதாரம் ஏக்கர்க் கணக்கில் இல்லை என்று கருத இடமுண்டு.

அமைதி என்னும் வாதம்

எதிர்ப்போர் முதலில் எடுப்பது அமைதி. வீடு ஓரிடத்தில், தொழில் வேறிடத்தில் இருக்கவேண்டும் என்ற எண்ணம் ஆலைப் புகையிலிருந்து பிறந்தது. 1898-இல் இங்கிலாந்தில் எபநேசர் ஹோவர்டு, நகரத்தின் வசதியையும் கிராமத்தின் காற்றையும் ஒருங்கே பெறும் ‘தோட்ட நகரம்’ என்ற திட்டத்தை வெளியிட்டார். 1926-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், ஓஹையோ மாநிலத்தில் யூக்ளிட் என்ற ஊர் தன் நிலத்தை வீட்டுக்கு இது, தொழிலுக்கு இது என்று வகைப்படுத்தியது செல்லும் எனத் தீர்ப்பளித்தது. உலகின் பல நகரச் சட்டங்கள் அப்பாதையைப் பின்பற்றின. ஆனால் 1961-இல் ஜேன் ஜேக்கப்ஸ் என்ற அம்மையார், வீடும் கடையும் அலுவலகமும் கலந்திருக்கும் தெருவே உயிருள்ள தெரு என்று வாதித்து, அப்பிரிவினையையே கண்டித்தார். 2001-இல் வில்லியம் ஃபிஷெல் என்ற பொருளாதார அறிஞர் இன்னும் கூர்மையாக ஒன்று சொன்னார்: அமைதி என்ற பேரால் நடக்கும் எதிர்ப்பில் பெரும்பகுதி, வீட்டின் விலை குறைந்துவிடுமோ என்று சொந்தக்காரர் கொள்ளும் அச்சமே என்பது அவர் கருத்து.

ஃபிஷெலின் விளக்கம் நம் நாட்டுக்கு அப்படியே பொருந்துவதாகத் தோன்றவில்லை. அலுவலகம் வந்தால் இங்கே மனையின் விலை ஏறுகிறதேயன்றி இறங்குவதில்லை. ஆகவே இவ்வட்டாரத்தில் அமைதி கோருவோரைச் சுயநலக்காரர் என்று தள்ளிவிடுவது நியாயமாகாது. சொல்லப்போனால் அவர்கள் தங்கள் பொருள் லாபத்துக்கு மாறாகவே பேசுகின்றனர்.

அவர்களுடைய வாதத்துக்கு வேறொரு இடர்ப்பாடு உண்டு. குற்றாலம் எப்போது அமைதியாயிருந்தது? கிழக்கிந்தியக் கம்பெனியார் காலத்தில் ஜாதிக்காய்க்கும் கிராம்புக்கும் தோட்டம் போட்டுப் பார்த்த இடம் அது. அதற்கும் முன்பே, திருக்குற்றாலநாதர் சந்நிதிக்கும் சித்திர சபைக்கும் யாத்திரிகர் வந்த இடம். ரசிகமணி டி.கே. சிதம்பரநாத முதலியார் தம் வாழ்வின் பிற்பகுதியில் அங்கே தங்கியபோது, அவரைக் காணவந்த ராஜாஜி முதலானோரும் அந்த ஊரைத் தேடி வந்த கூட்டத்தில் சேர்ந்தவர்களே. இன்று ஜூன் முதல் செப்டம்பர் வரையுள்ள சீசனில், அருவிக்கரையிலிருந்து தென்காசிவரை வேன்களும் கார்களும் நகராமல் நிற்க, எண்ணெய்க் கடையும் சிப்ஸ் கடையும் நேந்திரம்பழக் குலையும் இரு மருங்கும் நெருக்க, நடந்து போகிறவனே முதலில் போய்ச் சேரும் சாலையைப் பார்த்தவர்கள், ஓர் அலுவலகம் வந்து இங்கே எந்த அமைதியைக் குலைக்கப்போகிறது என்று கேட்பதில் வியப்பில்லை.

கேள்வி நியாயமானதே, விடையும் உண்டு. சீசன் கூட்டம் சாரலோடு வந்து சாரலோடு போகிறது. அது ஓய்ந்த பின் ஊர் பெரும்பாலும் தன் குடிகளுக்கே திரும்பக் கிடைக்கிறது. அலுவலகமோ பன்னிரண்டு மாதமும் காலையும் மாலையும் ஒரே அளவில் இயங்குவது. அதற்கு ஓய்வுக் காலம் இல்லை. வெளியூர்க் கூட்டத்தை ஆண்டில் மூன்று நான்கு மாதம் தாங்கிப் பழகிய ஊர், மிகுந்த மாதங்களில் மூச்சு விட்டுக்கொள்கிறது என்பதையும், அந்த மாதங்களைத்தான் புதிய வளாகம் கேட்கிறது என்பதையும் அமைதி பேசுவோர் தெளிவாக எடுத்துரைத்தால், அவர்கள் வாதம் இன்னும் பலம் பெறும்.

நீரின் வழக்கு

எல்லா வாதங்களிலும் இப்பிரதேசத்துக்கே உரியது நீரின் வாதம். ஆரியங்காவுக் கணவாய் வழியே தென்மேற்குப் பருவக் காற்று புகுந்து, மலைக்குக் கிழக்கேயும் ஒரு சாரலைத் தெளித்துவிட்டுப் போகிறது. வடகிழக்குப் பருவமழை பின்னர் வந்து நிறைக்கிறது. திரிகூட மலையில் பிறந்து அருவிகளாக விழுந்து இறங்கும் சிற்றாறு, தென்காசியைக் கடந்து கிழக்கே ஓடிச் சீவலப்பேரியில் தாமிரபரணியோடு கலக்கும்வரை, அணைக்கட்டும் கால்வாயும் குளமும் ஒன்றையொன்று கைகோத்து நிற்கும் ஒரு நீண்ட ஏற்பாட்டுக்கு உயிர் கொடுக்கிறது. ஒரு குளம் நிறைந்தால் அதன் மறுகால் அடுத்த குளத்துக்கு வரத்து. அடுத்தது நிறைந்தால் அதற்கடுத்தது. கார், பிசானம் என்னும் இரு போக நெல்லும் இக்கணக்கில் விளைந்தவை.

இந்த ஏற்பாட்டில் மிகச் சிறியதும் மிக எளிதில் மறைவதும் ஓடை. நான்கு முழ அகலத்தில், ஆண்டில் எட்டு மாதம் வறண்டு, ஆவாரையும் எருக்கும் முளைத்துக் கிடக்கும் ஒரு பள்ளத்தை நீர்வழி என்று வெளியூர் பொறியாளர் எவரும் பார்த்தவுடன் சொல்லிவிட முடியாது. நிலத்தைச் சமன்படுத்த வரும் இயந்திரம் அரைநாளில் அதனை மூடிவிடும். மேலே செம்மண் பரப்பி, எல்லைக் கல் நட்டு, வண்ணக் கொடி கட்டி, ‘உடனே வீடு கட்டலாம்’ என்ற பலகையும் வைத்தாகிவிடும். அடுத்த அடைமழையில் மேல்வயலில் நீர் தேங்கி நாற்று அழுகும்போதும், கீழ்க்குளம் அரைகுறையாக நிற்கும்போதும்தான், மூடப்பட்டது இன்னதென்று தெரியவரும். கட்டடம் நிற்கும் இடத்தில் ஏதும் நேர்வதில்லை; நேர்வது எல்லாம் அதற்கு மேலும் கீழும். ஆதலால் கட்டியவனுக்கு அது தெரிவதே இல்லை.

மலையடிவாரத்தின் சரிவு எவ்வளவு கொடியது என்பதற்கு 2024 மே 17-ஆம் நாள் பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் புரண்டு ஒரு சிறுவனின் உயிரைக் கொண்டுபோனதே போதும். 2023 டிசம்பரில் தென்மாவட்டங்கள் கண்ட பெருமழையையும் இங்கே யாரும் மறந்திரார். இச்சரிவில் ஒவ்வொரு சதுர அடி சிமெண்டுத் தளமும் மண்ணுக்குள் இறங்கவேண்டிய நீரை மேலோட்டமாக விரட்டுகிறது. தட்டைச் சமவெளியிலேயே இதன் விளைவு எப்படி இருக்கும் என்பதற்குச் சென்னையின் பழைய மகாபலிபுரம் சாலை உதாரணம். தரமணியில் 2000-ஆம் ஆண்டு டைடல் பூங்கா திறந்த பின்னர் அச்சாலையோரம் அலுவலகங்களும், அவற்றை ஒட்டி அடுக்குமாடிகளும் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை நெருக்கின. 2015 டிசம்பர் வெள்ளத்தில் தெற்குப் புறநகர் பட்டபாடு நினைவில் உள்ளது. எஞ்சிய சதுப்பு 2022-இல், உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் ஏறியது. அதற்குள் இழந்தது மிகப் பெரிது.

சர்க்காரும் நீதிமன்றமும் இதனை அறியாதவை அல்ல. மலைப்பகுதிகளில் கட்டடம் எழுப்புவதைக் கட்டுப்படுத்தத் தமிழக அரசு 1990-இல் மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தை நிறுவியது. மேற்குத் தொடர்ச்சி மலை பற்றி 2011-இல் மாதவ் காட்கில் குழுவும், 2013-இல் கஸ்தூரிரங்கன் குழுவும் தந்த அறிக்கைகள் வேறுபட்டவை எனினும், மலையைக் காக்கவேண்டும் என்பதில் இரண்டும் வேறுபடவில்லை. 2022-இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, இயற்கை நீரோடையைத் திருப்பிச் செயற்கை அருவி அமைத்த தனியார் விடுதிகள்மீது நடவடிக்கை எடுக்க உத்தரவிட்டது. அருவியைக் காணவந்த ஊரிலேயே அருவிக்கு வரும் நீரை மறித்து வேறோர் அருவி செய்வது எத்தகைய அநியாயம் என்பதை விளக்க வேண்டுவதில்லை.

இவ்வாதத்துக்கும் ஒரு குறை உண்டு. அதனை மறைப்பது நேர்மையாகாது. நீரைக் காரணம் காட்டி அலுவலகத்தை எதிர்க்கும் பலர், அதே நீர்வழியில் தாமே மனைப்பிரிவு போட்டபோது பேசவில்லை. முறையாக அனுமதி பெற்று, மழைநீரைச் சேமித்து, மரம் வைத்து எழும் ஒரு வளாகம், அனுமதியின்றிப் பிரிக்கப்பட்ட நூறு மனைகளைவிடக் குறைந்த தீங்கே செய்யும் என்று கூறலாம். இந்த மனைப்பிரிவுகள் எவ்வளவு பரவியிருந்தன என்றால், 2016 செப்டம்பரில் உயர் நீதிமன்றம் அங்கீகாரமற்ற மனைகளைப் பத்திரம் பதிவதையே தடுக்க நேர்ந்தது. மறு ஆண்டே அவற்றை வரன்முறைப்படுத்த அரசு விதிகள் வகுத்தது. ஆனால் இந்த ஒப்பீடு ஒன்றை மறந்துவிடுகிறது. நூறு மனைகள் எதனால் பிரிக்கப்படுகின்றன? அருகே அலுவலகம் வருகிறது என்ற பேச்சினால். வளாகத்தின் மதிலுக்குள் நடப்பதை மட்டும் அதன் விளைவு என்று எண்ணுவது, தேரை மட்டும் பார்த்து வடத்தையும் கூட்டத்தையும் பாராமல் விடுவதற்கு ஒப்பாகும். என் நோக்கில், இந்த வழக்கு முழுவதிலும் தீராமல் நிற்கும் முடிச்சு இதுவே: பரிசீலிக்கப்படுவது கட்டடம்; ஊரை மாற்றுவது கட்டடத்தைத் தொடர்ந்து வருவன.

சிதறிப் பரவுதல்

நகரத்தில் குவிவதும் வேண்டாம், கிராமம் வறண்டு கிடப்பதும் வேண்டாம் என்ற மூன்றாவது நிலை தமிழருக்குப் புதியதன்று. தஞ்சையில் பிறந்த ஜே.சி. குமரப்பா 1945-இல் எழுதிய ‘நிலைத்த பொருளாதாரம்’ பற்றிய நூலில், இயற்கையின் ஒழுங்கை மீறாத சிறு தொழில்களே நீடிக்கும் என்றார். அப்துல் கலாம், நகர வசதிகளைக் கிராமத் தொகுதிகளுக்குக் கொண்டுசேர்க்கும் ‘புரா’ திட்டத்தை இடைவிடாது வலியுறுத்தினார். 2019-இல் மத்தளம்பாறைக்கே வந்து குடியேறிய, ஜோஹோ நிறுவனர்களில் ஒருவரான ஸ்ரீதர் வேம்பு, திறமை ஊரைவிட்டு ஓடவேண்டியதில்லை, வேலைதான் ஊரைத் தேடி வரவேண்டும் என்று வாதிப்பவர்; 2020-இல் கொள்ளைநோய்க் காலத்தில் சிற்றூர்களில் சிறு அலுவலகங்கள் திறக்க எடுத்த முயற்சிக்கும் அதுவே ஆதாரம். குமரப்பா நினைத்தது கைத்தொழில், வேம்பு வளர்த்தது உலகச் சந்தைத் தொழில் என்ற வேறுபாடு சிறியதன்று. எனினும் சிறிய அளவு என்ற ஒரு புள்ளியில் இருவரும் சந்திக்கின்றனர்.

அளவு சிறியதாயும் வளர்ச்சி மெதுவாயும் இருந்தால், ஊர் தன்னைச் சரிப்படுத்திக்கொள்ள அவகாசம் கிடைக்கிறது என்பது இந்நிலையின் சிறப்பு. பத்தாண்டில் சிலர் சில நூறு பேராவது வேறு. ஒரே ஆண்டில் ஐயாயிரம் பேருக்கு ஏழு மாடி எழுவது வேறு. வாடகை, சாக்கடை, பஸ், பள்ளிக்கூடம் ஆகிய அனைத்தும் முதலாவதைத் தாங்கும், இரண்டாவதைத் தாங்கா.

ஆனால் சிதறிப் பரவுதல் பெரும்பாலும் ஒருவருடைய விருப்பத்தில் நிற்பது. அவர் மனம் மாறினாலும், அவருக்குப்பின் வருவோர் வேறு கணக்குப் போட்டாலும், ஒரே முதலாளியை நம்பிய ஊர் என்னாகும்? தென்காசிக்கே இதில் ஒரு பழைய அனுபவம் உண்டு. 15-ஆம் நூற்றாண்டில் பராக்கிரம பாண்டியன் காசி விசுவநாதர் கோயிலை எழுப்பி இந்நகரை நிலைநாட்டினான். பின்னால் வந்து இதனைக் காப்போரை வணங்குவதாகக் கல்வெட்டிலும் வேண்டிக்கொண்டான். அப்படியிருந்தும் அதன் ராஜகோபுரம் சிதைந்து, தலைமுறை தலைமுறையாக மொட்டையாகவே நின்று, 1990-இல்தான் மீண்டும் முழுமையுற்றது. கட்டுகிறவனின் கருணையும் தூரதிருஷ்டியும் எவ்வளவு மெய்யாயினும், அவை பின்வருவோரைக் கட்டுப்படுத்தமாட்டா.

யார் தீர்மானிப்பது?

1914-இல் சென்னைக்கு வந்து, மறு ஆண்டு சென்னை மாகாணத்து ஊர்கள் சிலவற்றைச் சுற்றி அறிக்கை எழுதிய பேட்ரிக் கெடஸ் என்ற ஸ்காட்லாந்துப் பேரறிஞர், வைத்தியன் நோயறிந்து மருந்து கொடுப்பதுபோல, ஊரை நடந்து பார்த்தறிந்த பின்பே திட்டம் போடவேண்டும் என்றும், இருக்கும் தெருவையும் குளத்தையும் கூடியவரை காத்துக்கொண்டே சீர்திருத்தவேண்டும் என்றும் வற்புறுத்தினார். 1920-இல் சென்னை நகரமைப்புச் சட்டம் பிறந்தது. இன்று நடப்பிலிருக்கும் 1971-ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டம், முழுமைத் திட்டம் வகுக்கும்போது பொதுமக்களின் ஆட்சேபங்களுக்கு இரண்டு மாதத்துக்குக் குறையாத தவணை தரவேண்டும் என்கிறது. காகிதத்தில் இது நல்ல ஏற்பாடு. ஆனால் திட்டத்துக்கு ஆட்சேபம் சொல்லும் காலத்தில் கட்டடம் எதுவும் கண்ணுக்குத் தெரிவதில்லை. கட்டடம் தெரியவரும் காலத்தில் ஆட்சேபத் தவணை முடிந்து பல ஆண்டுகள் ஆகியிருக்கும்.

2006 செப்டம்பர் 14-இல் மத்திய அரசு வெளியிட்ட சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை, 20,000 சதுர மீட்டருக்குக் குறையாத கட்டட வளாகங்களுக்கு முன் அனுமதி தேவை என்று விதித்தது; ஆனால் கட்டட வகையைப் பொதுமக்கள் கருத்துக்கேட்பிலிருந்து விலக்கிவிட்டது. சுரங்கத்துக்கும் அனல்மின் நிலையத்துக்கும் மேடை போட்டு மக்களைக் கேட்கவேண்டும், அலுவலகத்துக்கு வேண்டியதில்லை. புகை விடாதது தீங்கு செய்யாது என்ற பழைய ஆலைக் காலத்து அனுமானமே இதன் வேர் என்று தோன்றுகிறது.

எஞ்சுவது கிராம சபை. ஆண்டுக்கு நான்கு முறை கூடிவந்த அது 2022 முதல் ஆறு முறை கூடுகிறது. அவ்வாண்டே பேரூராட்சிகளுக்கும் நகராட்சிகளுக்கும் பகுதி சபைகள் ஏற்பட்டன. குற்றாலமும் மேலகரமும் இலஞ்சியும் பேரூராட்சிகள் ஆதலின், அடுத்தடுத்த ஊர்களாயிருந்தும் இவற்றுக்கு ஒரு சபையும் ஊராட்சிகளுக்கு வேறொரு சபையுமாக நிற்கின்றன. ஓடையோ இவ்வெல்லைகளை மதித்து ஓடுவதில்லை. சபைத் தீர்மானத்துக்கு எவ்வளவு பலம் என்பதும் வழக்குக்குரியதே. கேரளத்தில் பிளாச்சிமடை குளிர்பான ஆலைக்கு 2003-இல் பெருமாட்டி ஊராட்சி உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்ததும், மறு ஆண்டு ஆலை நின்றதும், வழக்கு நீதிமன்றங்களில் நீண்டதும், ஊராட்சியின் சொல் முற்றிலும் வெறுஞ்சொல் அன்று என்பதையும், அதன் எல்லை எதுவென்பது எளிதில் தெளிவுபடுவதன்று என்பதையும் ஒருங்கே காட்டின.

‘ஊர் மக்கள்’ என்று நாம் சொல்லும்போது யாரைச் சொல்லுகிறோம் என்பதும் ஆராயத்தக்கது. பட்டாதாரர் மனு கொடுக்கிறார். அவர் பெயர் பதிவேட்டில் இருக்கிறது. அந்த வயலில் நடவுக்கும் களையெடுப்புக்கும் வந்துகொண்டிருந்த பெண்களின் பெயர் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. நிலம் கைமாறும்போது அவர்களுடைய வேலை போவதற்கு நஷ்டஈடும் இல்லை. வெளியூரில் வேலைபார்க்கும் மகன், என்றேனும் திரும்பிவர எண்ணுகிறவன், சபைக் கூட்டத்துக்கு வருவதில்லை. அலுவலகத்தால் மிகுதியாக நன்மை அடையக்கூடியவரும் மிகுதியாக இழக்கக்கூடியவரும் ஆகிய இருவருமே வாதத்தில் இல்லாமல், இடையிலுள்ளோர் வாதிட்டு முடிக்கும் நிலை பல ஊர்களில் நேர்கிறது.

தீராமல் நிற்பவை

இதுவரை கண்டவற்றுள், பிழைப்பு வாதம் அதன் அடிப்படையில் உறுதியானது. அளவைச் சொல்லாதவரையில் அரைகுறையானது. அமைதி வாதத்தைப் பணக்கார ஊர்களின் பிடிவாதத்தோடு ஒன்றாக எண்ணுவது பிழை என்றே தோன்றுகிறது. நீரின் வாதம் இம்மண்ணில் மற்றெல்லாவற்றிலும் கனமானது. சிதறிப் பரவுதல் ஒரு நிறுவனத்தின் அனுபவமாக நம்பிக்கையூட்டுகிறது. அது பொதுவிதியாகுமா என்பதற்கு இன்னும் இரண்டொரு தலைமுறை செல்லவேண்டும். மத்தளம்பாறையில் முதலில் வேலைக்குச் சேர்ந்தவர்களின் பிள்ளைகள் வளர்ந்து அவ்வூரிலேயே இருக்கிறார்களா, அவர்கள் இருக்கிற ஊரில் பிசானத்துக்குக் குளம் நிறைகிறதா என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை சேர்ந்து வரவேண்டும். ஒன்று மட்டும் போதாது.

மனைப்பிரிவு, விடுதி, சாலை, அலுவலகம் ஆகியவற்றை ஒவ்வொன்றாக அன்றி ஒரே நீர்ப்பிடிப்பில் சேர்த்துக் கணக்கிடும் பொறுப்பு எவரிடம் இருக்கவேண்டும் என்பதும் தீரவில்லை. மாவட்ட ஆட்சியரிடமா, நகர் ஊரமைப்புத் துறையிடமா, சிற்றாற்றின் அணைக்கட்டுகளைப் பார்க்கும் நீர்வளத் துறையிடமா, ஊர்ச் சபைகள் கூடி அமைக்கும் ஒரு குழுவிடமா என்பதில் ஒவ்வொன்றுக்கும் நியாயம் உண்டு, ஒவ்வொன்றுக்கும் இடையூறும் உண்டு.

அது தீரும்வரை செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. எந்த வளாகத்தின் வரைபடம் சபைக்கு வந்தாலும், அதன் பக்கத்தில் அந்த சர்வே எண்ணின் புலப்படத்தையும் கிராம வரைபடத்தையும் விரித்து வைக்கலாம். புலப்படத்தில் இரண்டு மெல்லிய கோடுகளுக்கிடையே ‘ஓடை’ என்று எழுதியிருக்கும், அகலமும் குறித்திருக்கும். புதிய வரைபடத்தில் அதே இடத்தில் என்ன வரைந்திருக்கிறது என்று, எழுத்தறியாத ஒரு விவசாயிகூட விரல் வைத்துக் கேட்டுவிடலாம்.